வில்ஹெல்ம் சுக்ஸ்டோர்ஃப்: ஒரு செடி சேகரிப்பாளரும் அவர் விட்டுச்சென்ற கொப்பிகளும்

மூத்தவாப்பாவின் வைத்தியக் கொப்பியொன்று என்னிடம் இருக்கின்றது. அவர் ஊரில் பரியாரியாக இருந்தவர். பழைய கணக்குக் கொப்பியொன்றில் ஆடாதோடை, நொச்சி, சிறுகுறிஞ்சா என்று செடிகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதைப் பிடுங்கிய இடத்தையும் குறித்து வைத்திருக்கின்றார். மருந்தின் அளவெல்லாம் விளங்குகின்றது. இடங்கள்தான் விளங்கவில்லை. "போடியார்ர கண்டத்துக்குக் கீழால" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கின்றார். எந்தப் போடியார்? எந்தக் கண்டம்? அவருக்கு அது தெரியும். எழுதும்போது தன்னிடமே சொல்லிக்கொள்வது போலத்தான் எழுதியிருப்பார். அவர் மௌத்தாகி முப்பது வருடமாகின்றது.

இந்தக் கொப்பியைப் பற்றித் தாவரவியல் படித்த நண்பர் ஒருவரிடம் கதைத்துக்கொண்டிருந்தபோதுதான் வில்ஹெல்ம் நிக்கொலாவுஸ் சுக்ஸ்டோர்ஃப் என்ற பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். "உங்கட மூத்தவாப்பாட பிரச்சினைதான் அவருக்கும். ஆனா அவர் முப்பதாயிரம் செடிக்கு அப்பிடி எழுதி வச்சவர்" என்றார் நண்பர். அதன் பின்னர் கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன். நான் தமிழ் படித்தவன். தாவரவியல் எனக்குச் சாதாரண தரத்தோடு முடிந்த விடயம். அப்படியிருந்தும் இந்த மனிதரின் கதை என்னை விடவில்லை. இடப்பெயர்களைப் பற்றிய கதையாக அது இருப்பதுதான் காரணமென்று நினைக்கின்றேன்.

சுக்ஸ்டோர்ஃப் 1850 செப்டெம்பரில் ஹோல்ஸ்டீன் பகுதியிலுள்ள டிரான்சாவ் என்ற கிராமத்தில் பிறந்தார். இன்று அது ஜேர்மனியின் வடக்கு ஓரம். 1858இல் குடும்பத்தோடு அமெரிக்காவின் அயோவாவுக்குக் குடிபெயர்ந்தபோது அவருக்கு ஏறக்குறைய எட்டு வயது. 1870களின் நடுப்பகுதியில் குடும்பம் மீண்டும் மேற்கே நகர்ந்து, கொலம்பியா ஆற்றங்கரையிலுள்ள வைற் சல்மன் பகுதியில் காணி பிடித்தது. அப்போது அது வாஷிங்டன் பிரதேசம். மாநிலமாக ஆனது 1889இல்தான். அவருடைய சகோதரர் தியோடர் பின்னர் அங்கே ஒரு சிறு நகரத்தை அமைத்து, ரைன் நதிக்கரையிலுள்ள ஜேர்மன் நகரொன்றின் பெயரையே அதற்கும் வைத்தார்: பிங்கன். பெயர் வைப்பது அந்தக் குடும்பத்தின் பழக்கம் போலும். இது பின்னர் நமக்குத் தேவைப்படும்.

வில்ஹெல்ம் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சில காலம் படித்தார், பட்டம் எடுக்கவில்லை. தாவரவியலில் அவர் கற்றதில் பெரும்பகுதி புத்தகத்தையும் செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தானாகக் கற்றதுதான். அமெரிக்காவின் வடமேற்கில் அக்காலத்தில் இப்படித் தானாகவே கற்று மேலெழுந்த மூவரைச் சேர்த்துச் சொல்வார்கள். ஒருவர் இவர். மற்றவர் ஒரேகன் மாநிலத்தின் தோமஸ் ஹவல். பள்ளிக்கூடம் என்று பெரிதாகப் போகாதவர், ஆனால் அந்தப் பிராந்தியத்தின் தாவரங்களைப் பற்றிய முதலாவது முழுமையான நூலை 1897 முதல் 1903 வரை பகுதி பகுதியாக வெளியிட்டவர். அச்சிடுவிக்கக் காசில்லாததால் அச்செழுத்துகளையும் தானே கோத்தவர். மூன்றாமவர் கிழக்கு ஒரேகனின் வில்லியம் குசிக். அவர் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர் என்று வாசித்தபோது எனக்குள் சின்னதொரு சந்தோசம். மூவரிலும் நான் சுக்ஸ்டோர்ஃபைத் தேர்ந்தது அவருடைய கொப்பிகளுக்காக.

அவர் வாழ்ந்த இடத்தைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். கொலம்பியா ஆறு கஸ்கேட் மலைத்தொடரை நடுவால் வெட்டிக்கொண்டு கடலை நோக்கி மேற்கே போகின்றது. பசிபிக்கிலிருந்து வரும் மழை மேகங்கள் மலையின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிடும். அதனால் பள்ளத்தாக்கின் மேற்கிலுள்ள கஸ்கேட் லொக்ஸில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,900 மில்லிமீற்றர் மழை. அங்கிருந்து அறுபது எழுபது கிலோமீற்றர் கிழக்கே போனால், த டாலஸ் என்ற ஊரில் 350 மில்லிமீற்றர் அளவில்தான் பெய்யும். ஒரு பக்கம் பாசி படர்ந்த ஊசியிலைக் காடு, மறுபக்கம் வறண்ட புல்வெளி. பிங்கன் இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கின்றது. வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் 3,743 மீற்றர் உயரமான அடம்ஸ் மலை, உச்சியில் பனியோடு. ஆற்றங்கரையில் தொடங்கிப் பனிவரைக்கும் ஒருவர் ஏறினால், பல நாடுகளின் தாவரங்களைக் கண்ட மாதிரி இருக்கும். சுக்ஸ்டோர்ஃப் இந்த நிலத்தில்தான் ஐம்பது வருடத்துக்கும் மேலாக நடந்தார். கலியாணம் முடிக்கவில்லை.

செடி சேகரிப்பதென்றால் லேசான வேலையென்று நானும் நினைத்திருந்தேன். செடியைப் பூவோடும் முடிந்தால் காயோடும் வேரோடும் எடுக்க வேண்டும். தாள்களுக்கு இடையில் விரித்து வைத்துப் பலகையால் அழுத்திக் கட்ட வேண்டும். செடியிலுள்ள ஈரத்தைத் தாள் உறிஞ்சும். அந்தத் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். மழைக்காட்டில் நின்றுகொண்டு காய்ந்த தாளுக்கு எங்கே போவது? காய்ந்த பின்னர் அதைத் தடித்த தாளில் ஒட்டி, மூலையில் ஒரு லேபல் வைப்பார்கள். பெயர், எடுத்த இடம், திகதி, எடுத்தவர், இலக்கம். இப்படிப்பட்ட தாள்களை அடுக்கி வைத்துப் பாதுகாக்கும் இடத்துக்குத்தான் ஹெர்பேரியம் என்று பெயர்.

இந்த லேபல் இல்லாவிட்டால் அந்தச் செடி வெறும் காய்ந்த சருகுதான். எங்கள் வாசகர்களுக்கு இதை விளக்குவது லேசு. இஸ்னாத் இல்லாமல் ஒருவர் ஒரு ஹதீஸைச் சொன்னால் நாம் என்ன கேட்போம்? யார் சொன்னது, யாரிடமிருந்து கேட்டது என்றுதானே. தாவரவியலாளரும் அதே மாதிரித்தான் கேட்கின்றார்: யார் எடுத்தது, எங்கே, எப்போது. பதில் கிடைத்தால் நூறு வருடத்துக்குப் பிறகும் ஒருவர் அதே இடத்துக்குப் போய் அந்தச் செடி இன்னும் இருக்கின்றதா என்று பார்க்கலாம். புதிய இனமொன்றுக்குப் பெயர் வைக்கும்போது, அந்தப் பெயர் குறித்த ஒரு மாதிரியோடு கட்டப்படுகின்றது. பிற்காலத்தில் சர்ச்சை வந்தால் எல்லோரும் திரும்பிப் போவது அந்தத் தாளிடம்தான்.

மேற்கின் ஒரு மூலையில் இருந்தவருக்கு, தான் எடுத்த செடி புதியதா பழையதா என்று சொல்வதற்கு வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் தாள்களும் நூல்களும் கிழக்குக் கரையில் இருந்தன. அதனால் அவர் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஏஸா கிரேக்குச் செடிகளை அனுப்பத் தொடங்கினார். கிரே அக்கால அமெரிக்கத் தாவரவியலின் தலைவர் என்றே சொல்லலாம்; டார்வினோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். 1879இல் அவர், ஈரப் பாறைகளில் பாசிக்கிடையில் முளைக்கும் சிறியதொரு செடிக்குப் புதிய சாதியொன்றையே உருவாக்கி, அதற்கு சுக்ஸ்டோர்ஃபியா என்று பெயரிட்டார். (சாதி என்று எங்கள் உயிரியல் பாடநூல்களில் வரும் அர்த்தத்தில்தான் சொல்கின்றேன்.) அதே வருடத்தில் ஹவலின் பெயராலும் ஹவெல்லியா என்று ஒரு நீர்த்தாவரச் சாதியை உருவாக்கினார். பட்டமில்லாத இரண்டு விவசாயிகளுக்கு இதைவிடப் பெரிய மரியாதை அன்று கிடைத்திருக்க முடியாது.

ஆனால் அந்த மரியாதையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மலையேறியவர் ஒருவர், பெயர் வைக்கின்றவர் இன்னொருவர். செடிகளைத் தொகுதி தொகுதியாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமுள்ள ஹெர்பேரியங்களுக்கு விற்றும் சுக்ஸ்டோர்ஃப் கொஞ்சம் சம்பாதித்தார். 1886இல் கிரே அவரை ஹாவர்டுக்கே உதவியாளராக அழைத்தார். போனார். 1888இல் கிரே காலமான பின்னர் மலைக்கே திரும்பிவிட்டார். நகரத்து அறைக்குள்ளே மற்றவர் எடுத்த செடிகளை அடுக்கிக்கொண்டிருப்பது அவருக்குச் சரிவரவில்லை என்றுதான் நான் விளங்கிக்கொள்கின்றேன்.

அதன் பின்னர் அவர் பெயர் வைப்பதையும் தானே செய்யத் தொடங்கினார். 1892இல் வாஷிங்டன் மாநிலத் தாவரங்களின் பட்டியலொன்றை வெளியிட்டார். தான் கண்டவற்றை ஜேர்மனியில் வந்த தாவரவியல் இதழொன்றில் ஜேர்மன் மொழியிலே எழுதினார். 1923இல் சொந்தச் செலவில் ஒரு வெளியீட்டைத் தொடங்கி, சாகும் வருடம் வரை சில பக்கங்களாக அச்சிட்டு வந்தார். அதன் பெயர் 'வெர்டெண்டா'. ஜேர்மன் மொழியில் 'வெர்டென்' என்றால் ஆகுதல். அந்த வினைக்கு லத்தீன் விகுதியொன்றைச் சேர்த்திருக்கின்றார். ஆகிக்கொண்டிருப்பவை, ஆகவேண்டியவை என்று தமிழில் சொல்லலாம். இரண்டு மொழியை ஒட்டிச் செய்த இந்தச் சொல்லைப் பார்த்ததும், தமிழோடு அறபைக் கலந்து எழுதிய எங்கள் பழைய புலவர்களின் நினைவு வந்தது எனக்கு. முதலாம் உலகப் போர் முடிந்து சில வருடங்களே ஆன காலம் அது. அமெரிக்காவில் ஜேர்மன் மொழி பேசுவதையே சந்தேகத்தோடு பார்த்தார்கள். அந்த நேரத்தில் ஜேர்மன் மொழியில் ஒரு வெளியீட்டைத் தொடங்கியவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

பிடிவாதம் அவருடைய அறிவியலிலும் புகுந்தது. ஆம்சின்கியா என்று ஒரு செடி அங்கே வயலோரங்களில் வளரும். சின்ன மஞ்சள் பூ, பூங்கொத்தின் நுனி வயலின் தலை மாதிரிச் சுருண்டிருக்கும். இந்த ஒரே சாதியில் அவர் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய இனங்களை வெர்டெண்டாவில் அறிவித்தார். கொஞ்சம் மயிர் கூடினால் ஓர் இனம், காய் கொஞ்சம் வேறுபட்டால் இன்னோர் இனம். இன்று உலகத்திலேயே அந்தச் சாதியில் இருபதுக்கும் குறைவான இனங்களைத்தான் ஏற்றுக்கொள்கின்றார்கள். அதாவது இந்த விடயத்தில் அவர் பிழைத்துவிட்டார். ஆனால் பிழையென்று மற்றவர்களால் எப்படிச் சொல்ல முடிந்தது? அவர் வைத்த பெயருக்குப் பின்னால் மாதிரியும் லேபலும் இருந்தபடியால்தான். எடுத்துப் பார்த்தார்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள், இவை ஒன்றுதான் என்றார்கள்.

சரி, லேபலில் என்ன எழுதினார்? இங்கேதான் விடயம் சிக்கலாகின்றது.

அடம்ஸ் மலையை அவர் அடம்ஸ் என்று எழுத விரும்பவில்லை. அந்தப் பெயர் வந்த கதையே ஒரு கூத்து. 1830களில் ஹோல் கெலி என்பவர் கஸ்கேட் மலைகளுக்கெல்லாம் அமெரிக்க ஜனாதிபதிகளின் பெயர்களை வைக்க ஒரு திட்டம் போட்டார். அதில் அடம்ஸ் என்ற பெயர் போக வேண்டியது இன்றைய ஹூட் மலைக்கு. வரைபடத்தில் அதைக் குறித்தவர் இடத்தை மாற்றிப் போட்டுவிட்டார். அவர் பிழையாகக் குறித்த இடத்துக்குக் கிட்ட, அவருக்கே தெரியாத ஒரு பெரிய மலை உண்மையாகவே நின்றுகொண்டிருந்தது! பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த நிலத்தின் பூர்வீகக் குடிகள் அந்த மலையைப் பாஹ்டோ என்று எவ்வளவோ காலமாக அழைத்து வந்தார்கள். சுக்ஸ்டோர்ஃப் தன் லேபல்களில் பட்டோ மலை என்றே எழுதினார். அடைப்புக்குள் சில வேளை அடம்ஸ் என்று போட்டார்.

இது மட்டுமென்றால் பரவாயில்லை. அந்தக் காலத்தில் அந்த மலைச் சரிவுகளிலும் ஓடைகளிலும் சிறு பள்ளங்களிலும் பெரும்பாலானவற்றுக்கு வரைபடத்தில் பெயரே கிடையாது. ஒவ்வொரு நாளும் அங்கே நடக்கின்றவருக்குப் பெயரில்லாமல் ஏலுமா? தானே வைத்துக்கொண்டார். ஜேர்மன் மொழியில் வைத்தார். பழைய ஜேர்மானியத் தெய்வக் கதைகளிலிருந்தும் எடுத்தார். லேபலிலும் அந்தப் பெயர்களையே எழுதினார். வேறு யாரும் பாவிக்காத, எந்த வரைபடத்திலும் இல்லாத பெயர்கள். அவர் இருக்கும் வரைக்கும் கேட்டறியலாம். 1932 ஒக்டோபரில் பிங்கனில் புகையிரதம் மோதிக் காலமானார். 82 வயது.

நல்ல வேளை, சேகரிப்பைப் பிரித்து விற்றுத் தீர்க்கவில்லை. 1920களில் புல்மன் நகரிலுள்ள வாஷிங்டன் மாநிலக் கல்லூரியின் தாவரவியலாளர் ஹரல்ட் செயின்ட் ஜோன் அவரோடு நெருங்கிப் பழகினார். முதியவரான சுக்ஸ்டோர்ஃப் அங்கே போய் ஹெர்பேரியத்தில் வேலையும் செய்தார். அந்தத் தொடர்பால், ஏறக்குறைய 30,000 மாதிரிகள், நூல்கள், கடிதங்கள், நாட்குறிப்புகள் எல்லாம் அந்தக் கல்லூரிக்கே போய்ச் சேர்ந்தன. செடிகளும் கொப்பிகளும் ஒரே இடத்துக்குப் போனதுதான் முக்கியம். செடிகளை மட்டும் வாங்கிக்கொண்டு, "இந்தப் பழைய கொப்பியெல்லாம் எதுக்கு" என்று யாராவது ஒதுக்கியிருந்தால் முடிந்தது கதை. வீடு திருத்தும்போது கொப்பிகளுக்கு என்ன நடக்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த விடயம்தானே.

அவர் காலமாகிப் பத்து வருடத்துக்குப் பிறகு வில்லியம் வெபர் என்ற மாணவர் இந்தக் குவியலில் கை வைத்தார். இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர், புல்மனில் ஆய்வுப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். அவர் செய்த வேலையை இப்படி விளங்கிக்கொள்ளலாம். லேபலில் ஒரு திகதி இருக்கின்றது, ஓர் இலக்கம் இருக்கின்றது, யாருக்கும் தெரியாத ஓர் இடப்பெயர் இருக்கின்றது. நாட்குறிப்பில் அதே திகதியைத் தேடினால், அன்றைக்கு அவர் எங்கிருந்து புறப்பட்டு எந்த வழியால் போனார் என்று தெரியவரும். பட்டோ மலையில் எடுத்த செடியும் பள்ளத்தாக்கில் எடுத்த செடியும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும். ஒரு பெயர் விளங்கினால் அதற்குப் பக்கத்துப் பெயர் விளங்கும். இப்படியே ஒவ்வொன்றாக வரைபடத்தோடு பொருத்தி, 1944இல் கல்லூரியின் ஆய்விதழில் சுக்ஸ்டோர்ஃபின் சேகரிப்புகளைப் பற்றி நீண்டதொரு கட்டுரையை வெளியிட்டார். செயின்ட் ஜோன் 1955இல் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

வெபர் பின்னர் கொலராடோ மாநிலத்தின் தாவரங்களையும் கற்பாசிகளையும் பற்றிப் பெரிய பெரிய நூல்களை எழுதிப் பேரெடுத்தார். 2020இல் 101 வயதில் காலமானார். என்னைக் கேட்டால், இளவயதில் இன்னொருவருடைய கொப்பிகளோடு குந்தியிருந்த அந்த நாட்களை அவருடைய பெரிய நூல்களுக்குக் குறைத்து மதிப்பிட மாட்டேன். புதிதாக ஒரு செடியையும் அந்தக் கட்டுரைக்காக அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஊர் பேரில்லாமல் போகவிருந்த ஆயிரக்கணக்கான செடிகளுக்கு ஊரைத் திருப்பிக் கொடுத்தார்.

சுக்ஸ்டோர்ஃபிலே குற்றம் இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. மற்றவருக்கு விளங்காத பெயரை எழுதிவிட்டுப் போவது அறிவியலுக்குச் செய்யும் அநியாயம்தான். ஓர் ஆசிரியராக எனக்கு அது கண்ணில் குத்துகின்றது. ஆனால் அவர் பக்கத்து நியாயமும் ஒன்று இருக்கின்றது. 'க்ளிக்கிட்டாட் மாவட்டம்' என்று மட்டும் எழுதியிருந்தால் எல்லோருக்கும் விளங்கியிருக்கும். இடம் மட்டும் தெரிந்திருக்காது. தான் நின்ற இடத்தை இன்னும் கிட்டவாகச் சொல்ல வேண்டுமென்ற ஆசையில்தான் அந்தப் பெயர்கள் பிறந்திருக்கின்றன. அதைத் திறக்கும் சாவியையும் நாட்குறிப்பில் திகதி திகதியாக எழுதி வைத்திருந்தார், தெரிந்தோ தெரியாமலோ.

ஹெர்பேரியங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிற்காலத்தில் வருகின்றவர் பெயரைத் திருத்தினாலும் இடத்தைக் கண்டுபிடித்தாலும் பழைய லேபலைக் கிழிக்கக் கூடாது. பக்கத்தில் சிறியதொரு துண்டை ஒட்டி, தன் பெயரையும் வருடத்தையும் போட்டு எழுத வேண்டும். அதனால் பட்டோ மலை என்று சுக்ஸ்டோர்ஃப் போட்ட எழுத்து அந்தத் தாள்களில் இன்னும் அப்படியே இருக்கின்றது.

மூத்தவாப்பாவின் கொப்பியில் எனக்கு விளங்காத இடங்கள் பதினேழு. போன நோன்புப் பெருநாள் விடுமுறையில் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஊரிலுள்ள வயதானவர்களிடம் போனேன். இதுவரை ஒன்பது இடம் தெரிந்திருக்கின்றது. கொப்பியில் எழுத மனம் வரவில்லை. தனித் தாள்களில் பென்சிலால் எழுதி, சொன்னவரின் பெயரையும் திகதியையும் போட்டு அந்தந்தப் பக்கத்தில் சொருகி வைத்திருக்கின்றேன். போடியார்ர கண்டத்தைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஒருவர் ஆற்றுப் பக்கம் என்றார், மற்றவர் குளத்துக்கட்டுக்குக் கிழக்கே என்றார். இரண்டையும் எழுதி வைத்திருக்கின்றேன்.